டோட்டல் ஸ்டேஷனின் நினைவகத்தில் எது தங்குகிறது?

கோணத்தையும் தூரத்தையும் அளந்து சேமிக்கும் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியில் எடுத்த சாலை அளவைக் கோப்பு ஒன்று அலுவலகக் கணினியில் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புள்ளி எண், வடக்கு, கிழக்கு, மட்டம், குறியீடு என ஐந்து பத்திகள்; எல்லா எண்களும் மில்லிமீட்டர் வரை. 340ஆம் புள்ளியில் சாலை திடீரென்று 20 செ.மீ. எழும்புகிறது. 371 வரை அப்படியே போய், 372இல் பழைய மட்டத்துக்கு இறங்குகிறது. களத்தில் அப்படி எந்த மேடும் கிடையாது. நடுவில் வேலியோ நின்ற வண்டியோ மறைத்திருக்கும். பிரிசத்தை, அதாவது கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடியைக் கம்பில் பிடித்து நின்றவர், அந்தக் கம்பை 1.50 மீட்டரிலிருந்து 1.70க்கு உயர்த்தியிருப்பார். கருவிக்குப் பின்னால் நின்றவரிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டார், அல்லது சொன்னது காதில் விழுந்திருக்காது. தார்ச் சாலை என்பதால் பிழை கண்ணில் பட்டது. புதர் மண்டிய புறம்போக்காக இருந்திருந்தால் அது இயற்கையான மேடு என்றே வரைபடத்தில் ஏறியிருக்கும்.

கருவியின் நினைவகத்தைப் பராமரிப்பது என்றால் பலரும் கோப்பை நகலெடுப்பதையும் பழையதை அழிப்பதையும்தான் நினைக்கிறார்கள். அளக்கும் முறைகளை அமைப்பது வேறொரு வேலை என்பது அவர்கள் எண்ணம். கையேடுகளும் இரண்டையும் தனித்தனி அத்தியாயங்களாகவே பிரித்து வைத்திருக்கின்றன. (கையேடு பெட்டியோடு வருகிறது, பெட்டியிலேயே இருக்கிறது என்பது வேறு கதை.) நினைவகத்தில் விழும் எந்த எண்ணும் அந்த நேரத்தில் கருவி எந்த முறையில் இருந்ததோ அதன் விளைவு. அந்த முறை என்ன என்ற தகவலும் எண்ணோடு சேர்ந்து பதிவாகிறதா என்பதுதான் கேள்வி. பதிவானால் பிழையைத் திருத்தலாம். பதிவாகாவிட்டால் ஊகம்தான் மிச்சம்.

அளவைப் பதிவு செய்யும் வேலை ஆரம்பத்திலிருந்தே டோட்டல் ஸ்டேஷனோடு ஒட்டிப் பிறந்தது. ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனம் 1960களின் இறுதியில் கொண்டுவந்த ரெக் எல்டா 14, கோணத்தையும் தூரத்தையும் காகித நாடாவில் துளைகளாகக் குத்தி வைத்தது. சுவிட்சர்லாந்தின் வைல்டு நிறுவனம் 1977இல் வெளியிட்ட டி.சி.1 காந்த நாடாக் கேசட்டில் எழுதியது. பிறகு கையடக்கப் பதிவுக் கருவிகள், கழற்றி மாட்டும் நினைவு அட்டைகள், உள்நினைவகம், யு.எஸ்.பி. என்று ஊடகம் மாறிக்கொண்டே வந்தது. எழுத வேண்டியது என்னவோ மாறவில்லை: கிடைக்கோணம், செங்குத்துக் கோணம், சாய்தூரம். கருவி உண்மையில் அளப்பது இந்த மூன்றை மட்டும்தான். வடக்கு, கிழக்கு, மட்டம் எல்லாம் அதற்குள்ளிருக்கும் கணிப்பொறி போட்ட கணக்கு.

சந்தையில் உள்ள பெரும்பாலான கருவிகள் இரண்டு விதமாகவும் சேமிக்கும். ஒன்று மூல அளவு: நிலையத்தின் (கருவி நின்ற புள்ளியின்) பெயர், கருவி உயரம், பேக்சைட் (திசையைப் பூட்ட முதலில் குறி பார்க்கும் தெரிந்த புள்ளி) விவரம், ஒவ்வொரு புள்ளிக்கும் கோணம், தூரம், பிரிசம் உயரம். மற்றொன்று ஆயத்தொலைவு, அதாவது வடக்கு, கிழக்கு, மட்டம் மட்டும். இரண்டாவது படம் வரைபவருக்கு வசதி. நேராக கேட் என்ற வரைபட மென்பொருளில் இறக்கிக்கொள்ளலாம். அந்த வசதிக்காகவே பல இடங்களில் ஆயத்தொலைவுக் கோப்பை மட்டும் இறக்கிக்கொண்டு, மூல அளவை ஜாபோடு, அதாவது கருவியில் அந்த வேலைக்கென்று இருக்கும் கோப்போடு, அழித்துவிடுகிறார்கள். எனக்கு இது ரசீதை வைத்துக்கொண்டு பத்திரத்தைக் கிழித்துப் போடுவதாகவே படுகிறது.

ஆயத்தொலைவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட முடியாதா என்று கேட்கலாம். நிலையத்தின் ஆயத்தொலைவும் எந்தப் புள்ளி எந்த நிலையத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் தெரிந்தால், எல்லாப் புள்ளிக்கும் ஒரே பிழை என்றால், ஓரளவு முடியும். ஆனால் ஒரே நாளில் நான்கு நிலையங்கள், நடுவில் இரண்டு முறை மாறிய பிரிசம் உயரம், ஒரு முறை தவறாகப் பூட்டிய பேக்சைட் கோணம் என்று கலந்துவிட்டால் அந்த ஐந்து பத்திகளிலிருந்து எதையும் பிரித்தெடுக்க முடியாது. மூல அளவுக் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் பிரிசம் உயரம் தனியாக நிற்கும். 340 முதல் 371 வரை 1.500 என்பதை 1.700 ஆக்கி மறுபடி கணக்கிட்டால் முடிந்தது.

லைக்கா கருவிகளின் ஜி.எஸ்.ஐ. என்ற கோப்பு வடிவத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். லைக்காவின் முன்னோடியான வைல்டின் காலத்திலிருந்தே வரும் பழைய வடிவம், வெறும் எழுத்துக்கோப்பு. ஒவ்வொரு தகவலும் ஒரு சொல்லாக எழுதப்படும். சொல்லின் முதல் இரண்டு இலக்கங்கள் அது என்ன தகவல் என்பதைச் சொல்லும்: 11 என்றால் புள்ளி எண், 21 கிடைக்கோணம், 22 செங்குத்துக் கோணம், 31 சாய்தூரம், 87 பிரிசம் உயரம், 88 கருவி உயரம். 81, 82, 83 ஆகியவை கிழக்கு, வடக்கு, மட்டம்.

கோப்பில் 21.324+17920550 என்று ஒரு சொல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 21 என்பதால் கிடைக்கோணம். கூட்டல் குறிக்குப் பின்னால் இருப்பது 179 பாகை 20 நிமிடம் 55.0 விநாடி. நடுவில் இருக்கும் 324ஐ யாரும் படிப்பதில்லை. விஷயம் அங்கேதான் இருக்கிறது. நடுவிலுள்ள புள்ளியையும் சேர்த்து எண்ணினால் நான்காம் இடத்தில் உள்ள 3, அளந்தபோது கருவியின் சிறு சாய்வைத் தானே திருத்தும் காம்பன்சேட்டர் இயங்கிக்கொண்டிருந்தது என்கிறது. அங்கே 0 இருந்தால் அது அணைக்கப்பட்டிருந்தது. ஐந்தாம் இடம், மதிப்பு கருவி அளந்ததா, விசைப்பலகையில் கையால் தட்டியதா என்பதைக் காட்டும். கையால் தட்டியதற்கு 1. ஆறாம் இடத்தில் அலகு: 4 என்றால் பாகை, நிமிடம், விநாடி, 3 என்றால் தசமப் பாகை, 2 என்றால் கான் (முழு வட்டத்துக்கு 400). தூரத்துக்கு 0 என்றால் கடைசி இலக்கம் மில்லிமீட்டர், 6 என்றால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அளவும் அளந்த முறையும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. இதை வடிவமைத்தவர்கள் களத்தின் குளறுபடிகளை நன்றாக அறிந்தவர்களாக இருந்திருக்க வேண்டும்.

அதே கோப்பை எக்செல் வடிவத்துக்கு மாற்றும்போது இந்த இலக்கங்கள் எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன. 45.3030 என்று ஒரு கோணம் மிஞ்சுகிறது. அது 45 பாகை 30 நிமிடம் 30 விநாடியா, 45.3030 தசமப் பாகையா? பின்னது 45 பாகை 18 நிமிடம் 10.8 விநாடி. வித்தியாசம் 12 நிமிடத்துக்கு மேல்; 100 மீட்டரில் அது 36 செ.மீ. பக்கவாட்டுப் பிசகு.

இனி முறைகளுக்கு வருவோம். தூரம் அளப்பதில் துல்லிய முறை, வேக முறை, தொடர் முறை என்று வைத்திருப்பார்கள். பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். துல்லிய முறையில் 2 மி.மீ. வரை நம்பத்தக்க கருவி, தொடர் முறையில் 10 மி.மீ. அளவுக்குத்தான் உத்தரவாதம் தரும். குறி வைத்து முளை அடிக்கும் வேலைக்குத் தொடர் முறைதான் வசதி: பிரிசம் நகர நகர எண் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த வேலை முடிந்ததும் முறையை மாற்றாமல் அடுத்த டிராவர்ஸ் (நிலையத்திலிருந்து நிலையத்துக்குச் சங்கிலியாகப் போகும் அளவை) நிலையத்தை அளந்துவிட்டால்? நினைவகத்தில் இரண்டு தூரமும் 84.213 என்ற பாணியில் ஒரே முகத்தோடு உட்கார்ந்திருக்கும். எது எந்த முறையில் வந்தது என்பதைப் பல ஏற்றுமதிக் கோப்புகள் சொல்வதில்லை.

பிரிசமா, ஒளியைத் திருப்பும் ஒட்டுத்தாளா, பிரிசமில்லா முறையா என்பது இன்னொரு தேர்வு. பிரிசமில்லா முறையில் லேசர் எதில் பட்டுத் திரும்புகிறதோ அதுதான் தூரம். குறுக்கே ஆடும் வேப்பங்கிளை, கடந்து போகும் லாரி, மழைத் தூறல் எல்லாம் அதற்குச் சுவர்தான். சுவரின் மூலையைக் குறி பார்த்தால் ஒளிக்கற்றையின் ஒரு பகுதி மூலையிலும் மீதி பின்னால் உள்ள சுவரிலும் விழும். கிடைக்கும் எண் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். நீண்ட தூரத்துத் தார்ச் சாலையைச் சாய்வாகப் பார்த்து அடிப்பதும் அப்படித்தான். சாலைக்குள் இறங்காமல் வேலை முடிந்ததே என்ற நிம்மதி, மட்டங்களைப் பார்க்கும்போது போய்விடும்.

பிரிசம் முறையில் மறைந்திருக்கும் பொறி, பிரிசம் மாறிலி. கண்ணாடிக்குள் ஒளி மெதுவாகப் போவதாலும் கண்ணாடியின் முனை கம்பின் அச்சில் சரியாக அமையாததாலும் தூரத்தில் ஒரு நிலையான தொகையைக் கழிக்க வேண்டியிருக்கிறது. ஜப்பானியக் கருவிகளோடு வரும் பிரிசங்களில் 0 அல்லது −30 மி.மீ. என்பது வழக்கம். லைக்கா தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது: தன் வழக்கமான வட்டப் பிரிசத்தை 0 என்று அழைக்கிறது. மற்றவர்களின் கணக்கில் அதே பிரிசம் −34.4 மி.மீ. ஆகவே லைக்கா பிரிசத்தின் மேல் எழுதிய 0ஐ நம்பி ஜப்பானிய நிறுவனங்களான சோக்கியாவின் கருவியிலோ டாப்கானின் கருவியிலோ 0 என்று போட்டால் ஒவ்வொரு தூரமும் 34.4 மி.மீ. கூடுதலாக வரும். எதிர்த்திசையில், −30 பிரிசத்தை லைக்கா கருவியோடு பயன்படுத்தினால் போட வேண்டியது +4.4.

நம் ஊரில் கருவி ஒரு கடையிலிருந்து வாடகைக்கு வரும், பிரிசமும் கம்பும் வேறொருவரிடமிருந்து வரும். அதனால் இந்தப் பிழை அடிக்கடி நேர்கிறது. கண்டுபிடிக்க வழி இல்லாமலும் இல்லை. பேக்சைட் பூட்டும்போது ஆயத்தொலைவிலிருந்து கணக்கிட்ட தூரத்தையும் அளந்த தூரத்தையும் பல கருவிகள் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். வித்தியாசம் 30 அல்லது 34 மி.மீ. அருகில் நின்றால் சந்தேகப்பட வேண்டியது மாறிலியைத்தான். அந்தத் திரையைப் பார்க்காமலே அடுத்த பொத்தானை அழுத்திக் கடந்துவிடுகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

காற்றுத் திருத்தம் இதற்கு அடுத்தபடி. ஒளியின் வேகம் வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. அதைத் திருத்தப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு, அதாவது பி.பி.எம்., என்று ஒரு எண் கருவிக்குள் இருக்கிறது. சோக்கியா, டாப்கான் கருவிகள் 15 பாகை செல்சியஸ், 1013 ஹெக்டோபாஸ்கல் என்ற நிலையில் அதைச் சுழியமாக வைக்கின்றன. லைக்கா 12 பாகையை எடுத்துக்கொள்கிறது. கத்திரி வெயிலில் வேலூரில் 40 பாகையில் அளந்தால் வெப்பத்துக்காக மட்டும் சுமார் 23 பி.பி.எம்.; ஒரு கிலோமீட்டருக்கு 2.3 செ.மீ. நீலகிரியில் வேறு மாதிரி. ஊட்டி 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அழுத்தம் அங்கே 780 அளவுக்கு இறங்கிவிடும். வெப்பம் 15 பாகையாகவே இருந்தாலும் திருத்தம் 60 பி.பி.எம்.மைத் தாண்டும். சமவெளியில் பயன்படுத்திய கருவியை மலைக்குக் கொண்டு போய் அமைப்பைத் தொடாமல் அளந்தால் கிலோமீட்டருக்கு ஆறு செ.மீ. போகும். கருவி எந்த எச்சரிக்கையும் தராது. அதற்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது.

அளவுக் காரணி என்ற இன்னொரு எண்ணும் ஜாபுக்குள் ஒளிந்திருக்கும். ஜி.பி.எஸ். மூலம் யு.டி.எம். (உலகை மண்டலங்களாகப் பிரித்துத் தட்டையாக வரையும் கட்ட முறை) ஆயத்தொலைவில் கட்டுப்பாட்டுப் புள்ளி, அதாவது மற்ற அளவுகளுக்கு ஆதாரமான புள்ளி, நட்டு, அதிலிருந்து டோட்டல் ஸ்டேஷனில் விவரம் எடுப்பது இப்போது வழக்கம். யு.டி.எம். கட்டத்தில் உள்ள தூரம் தரையில் உள்ள தூரம் அல்ல. தமிழ்நாடு 43, 44 என்ற இரண்டு மண்டலங்களில் விழுகிறது. எல்லை 78 பாகை தீர்க்கரேகை. கோவை 43இல், சென்னை 44இல். சென்னை அதன் மண்டலத்தின் நடுக்கோடான 81 பாகைக்கு அருகில் இருப்பதால் அங்கே ஒரு கிலோமீட்டர் கட்டத்தில் ஏறத்தாழ 32 செ.மீ. குறையும். மதுரையும் அதே மண்டலம்தான், ஆனால் ஓரத்தில். அங்கே 80 செ.மீ.க்கு மேல் கூடும். கருவியில் காரணி 1.000000 என்றே இருந்தால் இரண்டு கட்டுப்பாட்டுப் புள்ளிகளுக்கு இடையே அளந்த தூரம் பொருந்தாது, பழி ஜி.பி.எஸ். எடுத்தவர் மேல் விழும். இதைவிட மோசமானது, கருவியிலும் காரணி போட்டு, அலுவலக மென்பொருளிலும் போடுவது. மூல அளவு கையில் இருந்தால் சாய்தூரத்தை வைத்து இந்த இரட்டைத் திருத்தத்தைக் கண்டுபிடிக்கலாம்.

மற்ற அமைப்புகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். அதிரும் பாலத்தின் மேலோ ரோலர் ஓடும் இடத்திலோ காம்பன்சேட்டர் நிலைகொள்ளாமல் கருவி அளக்க மறுக்கும். அதற்காக அணைத்துவிட்டு, பிறகு இயக்க மறந்துவிடுவார்கள். அப்போது கருவி ஒரு நிமிடக் கோணம் சாய்ந்திருந்தாலும் 100 மீட்டரில் மட்டம் 2.9 செ.மீ. மாறும். கிடைக்கோணத்தை வலமாக எண்ணுவதா இடமாக எண்ணுவதா என்று ஒரு தேர்வு உண்டு. மாறிக் கிடந்தால் படம் கண்ணாடிப் பிம்பமாக வரலாம். வடக்கு முதலில் வருகிறதா கிழக்கு முதலில் வருகிறதா என்பதும் கருவியில் ஓர் அமைப்பு, கேட் மென்பொருளில் இன்னோர் அமைப்பு. இந்தப் பிழை மட்டும் பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்பதால் அவ்வளவு ஆபத்தில்லை.

இப்போது ஜாப். சோக்கியாவின் செட் வரிசையின் பல மாதிரிகளில் ஜாப் 1 முதல் 10 வரை பத்து இருக்கும், பெயரை மாற்றிக்கொள்ளலாம். ஒரு ஜாபில் பதிவு விழுந்ததும் அதன் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி தோன்றும். இன்னும் வெளியே அனுப்பவில்லை என்பது அதன் பொருள். அந்தக் குறி இருக்கும் வரை ஜாபை அழிக்க முடியாது. கணினிக்கு அனுப்பிய பிறகுதான் கருவி அனுமதிக்கும். நல்ல காவல்தான். ஆனால் அனுப்பியது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதை அது சோதிப்பதில்லை. ஆர்.எஸ்.232 என்ற பழைய தகவல் கேபிளில் இரு பக்கமும் வேகம், பாரிட்டி, நிறுத்த பிட் எல்லாம் ஒத்திருக்க வேண்டும். ஓட்டக் கட்டுப்பாடு (கணினி தயாராகும் வரை அனுப்புவதை நிறுத்திவைக்கும் ஏற்பாடு) அணைந்திருந்தால் கணினி திணறும்போது நடுவில் சில வரிகள் சத்தமில்லாமல் விழுந்துபோகும். நட்சத்திரமும் மறைந்துவிடும். கருவி காட்டும் பதிவு எண்ணிக்கையையும் கோப்பில் உள்ள எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் அழிப்பவர் துணிச்சல்காரர்.

அதே கருவிகளில் பதிவு விழும் ஜாப் ஒன்று, ஆயத்தொலைவு தேடும் ஜாப் ஒன்று என்று இரண்டைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். கட்டுப்பாட்டுப் புள்ளிகளை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, அன்றாட விவரத்தை வேறிடத்தில் எழுதலாம். அருமையான வசதி, கவனிக்காதவருக்குப் படுகுழி. பதிவு ஜாபை மாற்றியவர் தேடும் ஜாபை மாற்ற மறந்தால், நிலையமாக 1ஆம் புள்ளியை அழைக்கும்போது போன மாதம் வேறு ஊரில் வேறொருவர் சேமித்த 1ஆம் புள்ளி வந்து நிற்கும். வாடகைக் கருவியில் இது சர்வசாதாரணம். அந்த ஆயத்தொலைவு தற்காலிகக் கணக்கில் 1000, 1000, 100 என்று இருந்து, நம்முடையதும் அதே போல் இருந்தால் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

புள்ளி எண்ணைக் காலையில் மறுபடி 1இலிருந்து தொடங்குவதும் இந்த வகைதான். ஒரே எண் இரண்டு முறை வந்தால் சில கருவிகள் கேட்கும், சில மேலே எழுதும், சில இரண்டையும் வைத்துக்கொள்ளும். ஜி.எஸ்.ஐ.யின் பழைய வடிவத்தில் புள்ளிப் பெயருக்கு 8 எழுத்துதான் இடம். 16 எழுத்து வடிவம் பிறகு வந்தது. நீளமான பெயர்கள் வெட்டுப்பட்டால் வேறு வேறாக இருந்தவை ஒரே பெயராகிவிடும். வேலை முடியும் வரை ஒரே தொடரில் எண்ணிக்கொண்டு போவதும், கட்டுப்பாட்டுப் புள்ளிகளுக்கு 9001 போல எட்டாத எண் கொடுப்பதும் பழைய சர்வேயர்கள் பின்பற்றும் எளிய ஒழுங்கு.

அழிப்பதிலும் இரண்டு வகை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஒன்று பதிவுகளை மட்டும் துடைப்பது. மற்றொன்று அமைப்புகளை எல்லாம் ஆலையிலிருந்து வந்த நிலைக்குத் திருப்புவது. பழுது பார்க்கக் கொடுத்த கருவி திரும்பி வரும்போது இரண்டாவது நடந்திருக்கக்கூடும். அலகு, மாறிலி, பி.பி.எம்., ஆயத்தொலைவு வரிசை எல்லாம் நாம் வைத்தபடி இருக்காது. திரையின் தோற்றத்தில் எந்த மாற்றமும் தெரியாது.

சோக்கியாவில் குறிப்பு என்றொரு பதிவு வகை இருக்கிறது. மற்ற கருவிகளில் குறியீட்டுப் பகுதியையே அதற்குப் பயன்படுத்தலாம். நிலையம் போட்டதும் பிரிசம் மாறிலி, வெப்பம், அழுத்தம், அளவுக் காரணி, கம்பின் உயரம் ஆகியவற்றை ஒரு வரியாகத் தட்டிவைக்க ஒரு நிமிடம் போதும். கம்பின் உயரம் மாறும்போது இன்னொரு வரி. அந்த வரிகள் அளவுகளுக்கு நடுவிலேயே வரிசைப்படி பதிவாகும். கோப்போடு சேர்ந்து அலுவலகத்துக்கும் போகும். களக்குறிப்பேட்டில் பென்சிலால் எழுதினாலும் சரிதான், ஆனால் கோப்பு சென்னைக்குப் போகும்போது குறிப்பேடு பெரும்பாலும் ஜீப்பின் பின்சீட்டிலேயே தங்கிவிடுகிறது.